அக்கா மகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள், வழி சொல்லுங்கள்

கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் அக்கா மகள் நாலு மாதமாக இன்ஸ்டாகிராமில் மெலிந்த மாடல்களையே பார்த்துப் பார்த்து, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, அக்கா அந்தப் பக்கம் போனதும் கொல்லையில் காக்காய்க்கு வைத்துவிடுகிறாள். தீபாவளிச் சுடிதார் தோளில் நிற்கவில்லை. மாதவிலக்கும் நின்றுவிட்டது. பாட்டி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார், சரி, அது அவர் மனசுக்கு. பிரான்சில் 2017 முதல் மாடலின் உடம்பைக் கணினியில் மெலிய வைத்த விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்டது' என்று போட்டாக வேண்டும். இவளோ ஃபில்டர் இடுப்பை நிஜம் என்று நம்புகிறாள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசினோம், டாக்டரிடம் நேரில் காட்டச் சொன்னார்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இதைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் யாரையாவது தெரியுமா? அப்புறம், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பவளைத் திட்டாமல் எப்படி அழைத்துப் போவது?