அஃபேசியாவுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பேச்சு மொழிச் சிகிச்சை பயிலும் இறுதியாண்டு மாணவர்களுக்கு நான் வழிகாட்டி. பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியா என்ற நோயால் பேச்சு குழம்பிப்போனவர்களின் வீட்டாருக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கை தயாரிக்கிறோம். ஆங்கிலமும் ஜூலுவும் முடிந்துவிட்டன. தமிழில் தலைப்பிலேயே நிற்கிறோம்.

மாணவி ஒருவர் 'மொழியிழப்பு' என்று எழுதி வந்தார். இந்த ஊரில் அதை அச்சிட எனக்கு மனம் வரவில்லை. 1860இல் இந்தியாவிலிருந்து இந்தத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தோர் ஆங்கிலத்துக்கு மாறிப்போனதைத்தான் நம் மக்கள் மொழியிழப்பு என்கிறார்கள். இந்த நோய் அது அன்று.

போன வாரம் ஒரு பாட்டியிடம் சாவியைக் காட்டினேன். விரலைத் திருகிக் காட்டினார், "கதவு, கதவு" என்றார், கண் கலங்கினார். நான் 'சா' என்று மட்டும் சொன்னேன். "சாவி!" என்றார். சொல் உள்ளேதான் இருந்தது. மகளோ அம்மாவுக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். 'இழப்பு' என்ற சொல் அந்த நினைப்பை உறுதி செய்துவிடும். வேறு சொல் தாருங்கள்.

வெருலத்திலிருந்து:

அம்மா, தங்கள் மடல் என்னை உலுக்கிவிட்டது. நாற்பது ஆண்டு கோயில் வகுப்பில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 'பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும்' என்பது தொல்காப்பியம். ஒரு சொல் தன் பொருளையும் உணர்த்தும், தன்னையும் உணர்த்தும். அந்தப் பாட்டிக்குப் பொருண்மை குறையவில்லை. சொன்மைதான் எட்டவில்லை. ஆகவே 'சொன்மைத் தடை' என்பேன்.

இன்னொன்று. அஃபேசியாவில் உள்ள, பேச்சு எனப் பொருள்படும் 'ஃபாசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் நம் 'பேசு' என்பதும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிவு. முன்னே நிற்கும் 'அ' இன்மையைக் குறிப்பது. பேச்சின்மை என்றே பிரித்துக் காட்டலாம். பகரம் ஃபகரமாவதற்கு

(இதற்குப் பின் நான்கு பத்தி இருந்தது. வேர்ச்சொல் ஆய்வைத் தனி இழையில் தொடருமாறு ஐயாவை வேண்டுகிறேன். – நெறியாளர்)

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

ஐயா, ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. 'ஃபாசிஸ்' வந்த வினைக்கு லத்தீனில் 'ஃபாரி' என்ற உறவு இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் 'பேசு' சேராது. அஃபேசியா என்ற பெயரே 1864இல் பிரெஞ்சு மருத்துவர் துருசோ வைத்தது. மூன்றாண்டு முன்பு இந்நோயை விளக்கிய புரோக்கா வேறு பெயர் சூட்டியிருந்தார். அவர்களே பெயருக்குச் சண்டையிட்டவர்கள்தாம்.

'பேச்சிழப்பு' தமிழ்நாட்டில் வழங்குகிறதே, அதையே ஏன் எடுக்கக் கூடாது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அண்ணா, எடுக்க முடியாது. ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கெ 1874இல் விளக்கிய வகையினர் மடைதிறந்தாற்போல் பேசுவார்கள். பேச்சு ஓடும், பொருள் இராது, நாம் சொல்வதும் அவர்களுக்குச் சரியாக விளங்காது. அவர்களைப் பேச்சிழந்தவர் என்றால் வீட்டார் சிரிப்பார்கள். மறுபுறம், ஒரு சொல்லுக்குத் திணறும் தாத்தா காவடிப் பாட்டை முழுதாகப் பாடுவார், ஒன்று முதல் இருபது வரை எண்ணுவார். பாட்டைப் படியாக வைத்துப் பேச்சுக்கு ஏற்றும் பயிற்சியே 1973இல் வந்துவிட்டது. முடங்கிய காலை இழந்த கால் என்று யாரும் சொல்வதில்லை. 'சொல்முடக்கம்' என்றால் என்ன?

லெனேசியாவிலிருந்து:

நான் செவிலியர். மருத்துவர் எழுதித் தரும் தாளில் அஃபேசியா என்றுதான் இருக்கும். அதை மகனும் மகளும் அடையாளம் காண வேண்டும். தமிழில் புதுச்சொல் மட்டும் கொடுத்தால், இரண்டும் ஒரே நோய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அஃபேசியா என்றே எழுதி, கீழே எளிய தமிழில் நான்கு வரி விளக்குங்கள்.

வெருலத்திலிருந்து:

சொல்முடக்கத்தின் பொருளை ஏற்கிறேன். வடிவத்தை ஏற்கவில்லை. 'மெலிமேவின் னணவும்' என்கிறது நன்னூல்; மெல்லெழுத்து வந்தால் லகரம் னகரமாகும். சொல்லும் முடக்கமும் சேர்ந்தால் சொன்முடக்கம். பன்மொழி என்று எழுதுகிற கை இதை எழுதாதா? எஞ்சியிருக்கும் சிறிதளவு தமிழையாவது பிழையின்றி அச்சிடுவோம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

ஐயா, இலக்கணம் தங்கள் பக்கம். ஆனால் இந்தத் தாளை நோயாளியும் கையில் எடுப்பார். இந்நோயில் சிலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, பழகிய சொல்லை முழு உருவமாகப் பார்த்தால் மட்டும் பிடிபடும். 'சொல்' அவர்களுக்குப் பழகிய உருவம். 'சொன்' என்று மாறினால் அந்தப் பிடியும் நழுவிவிடும். அவர்களுக்காகப் புணர்ச்சி விதியை விட்டுக்கொடுக்கிறேன்.

இன்று வியாழன். மறுமொழி தந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இதற்கு இசைந்தார்கள். பெரிய எழுத்தில் 'அஃபேசியா', அடுத்த வரியில் 'சொல்முடக்கம்', அதன் கீழ் 'அறிவு குன்றவில்லை. சொல் வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது'. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.

வெருலத்திலிருந்து:

அச்சாகட்டும் அம்மா. எனக்கு ஐம்பது படி அனுப்புங்கள், கோயிலில் நானே கொடுக்கிறேன். இரண்டாம் பதிப்பில் சொன்முடக்கம் என்று திருத்தக் கேட்பேன்.