அப்பா எண்பது – வேலை குரூப்

சங்கர்: மண்டபம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சாயங்காலம் 5 லேர்ந்து 8 வரைக்கும் ஹால் நமக்குத்தான். புரொஜெக்டர் அங்கயே இருக்காம், அதுக்குத் தனி வாடகை

மீனா: மத்தியானம் சொதியா சாம்பாரா? சமையல்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு

குமார்: சொதி

செல்வி: சொதிதான் மதினி. இஞ்சித் துவையலும்

சங்கர்: சொதி மறுவீட்டுக்குத்தானே போடுவாங்க. அம்மாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்

திவ்யா: சாப்பாடு அப்புறம் பேசலாம். சாயங்கால கேம் லிஸ்ட் இன்னைக்கே முடிக்கணும். நாளைக்குக் காலைல பிரிண்டுக்குப் போகுது. கேம் பேரு “விருது சரியா தப்பா”. ஸ்கிரீன்ல படம், நடிகர், வருஷம் வரும். எல்லார் கைலயும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. தேசிய விருதுக்குத் தகுதின்னா பச்சை

திவ்யா: முதல் கேள்வி: ரிக்‌ஷாக்காரன், எம்ஜிஆர், 1971

செல்வி: ஏட்டி வேண்டாம்

குமார்: 😂😂 போச்சு

சங்கர்: வேற படமே கெடைக்கலயா திவ்யா

கார்த்தி: ஏன் மாமா? என்ன ஆச்சு?

செல்வி: ஆச்சி கல்யாணப் பந்தி கதை. உனக்கு ஊருக்கு வந்து சொல்லுதேன்

கணபதி மாமா: மறைக்க என்ன இருக்கிறது? 1972. அக்கா கல்யாணம். அந்த வருஷம்தான் எம்ஜிஆருக்கு ‘பாரத்’ பட்டம் கொடுத்தார்கள், சிறந்த நடிகர் தேசிய விருதுக்கு அப்போது அதுதான் பெயர். பந்தியில் நான் ஒரு வார்த்தை கேட்டேன், அத்தான் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். நான் அன்று கேட்டதை இன்றும் கேட்பேன். திவ்யா கண்ணு, அந்தக் கேள்வியை எடுக்காதே. ஆனால் மொட்டையாகக் கேட்டால் அத்தான் கட்சி பச்சை தூக்கும், என் கட்சி சிவப்பு தூக்கும், அவ்வளவுதான். எதிரில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேள். அதே 1971 தீபாவளிக்கு ‘பாபு’ வந்தது. அதிலும் சிவாஜி ரிக்‌ஷா இழுக்கிறவர்தான். ஒரே வருஷம், ஒரே தொழில், ரெண்டு பேர். ஒருத்தர் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே சிலம்பம் சுற்றுகிறார். இன்னொருத்தர் கையால் இழுத்து இழுத்து உடம்பு தளர்ந்து கிழவனாகிறார். ரெண்டு துண்டையும் அடுத்தடுத்து ஓட்டு. அப்புறம் அட்டையைத் தூக்கச் சொல்

திவ்யா: தாத்தா இது செம ஐடியா. ரெண்டு கிளிப்பும் தேடுதேன்

குமார்: அப்பா இத படிச்சா?

சங்கர்: இந்த குரூப்ல அப்பா இல்லடா. சர்ப்ரைஸ்ங்கதால சேக்கல

செல்வி: அம்மா இருக்காங்க. அம்மா போன யாரு பாக்கா?

சங்கர்: ஐயோ

மீனா: ஆள் கணக்கு சொல்லுங்க முதல்ல

அம்மா: ஓடுற ரிக்‌ஷாவுல சிலம்பம் சுத்த கணேசனுக்கு வருமா

குமார்: 😂😂😂😂

செல்வி: அப்பா!!

சங்கர்: சர்ப்ரைஸ் அவ்ளோதான்

அம்மா: அழுதாத்தான் நடிப்புன்னு எவன் சொன்னான். தியேட்டர்ல இருக்க அத்தன பேரையும் ஒரே நேரத்துல எந்திரிச்சு நிக்க வைக்கதும் நடிப்புதான். ரிக்‌ஷாக்காரங்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தாரு அந்த மனுசன். படத்துக்கு எத்தனையோ வருசம் முன்னால

கணபதி மாமா: அத்தான், நமஸ்காரம். மழைக்கோட்டு கொடுத்தது பெரிய மனசு. அதை நான் என்றைக்கும் குறைத்துப் பேசியதில்லை. மனசுக்கு வேறு விருது கொடுக்கட்டும். இது நடிப்புக்கு

அம்மா: ஆச்சிய கூப்பிடுதேன் பொறு

கார்த்தி: தாத்தா வேற லெவல் 🔥

கார்த்தி: அசுரன் போடுங்க. தனுஷ் 2019. அதுக்கு யாரும் சிவப்பு தூக்க மாட்டாங்க

திவ்யா: ஆடுகளமும் இருக்கு, 2010. அது சலீம் குமாரோட பகிர்ந்த விருது. அசுரன் மனோஜ் பாஜ்பாயோட

கார்த்தி: ரெண்டுமே தகுதி. ஆனா ஆடுகளத்துல பேட்டைக்காரன்தான் கெத்து. ஜெயபாலனுக்கு வெறும் சிறப்புப் பாராட்டுதான் கொடுத்தாங்க

திவ்யா: அவருக்குக் குரல் ராதாரவி. பாதி நடிப்பு குரல்ல இருக்குல்ல, எப்படி முழுசா அவருக்கே கொடுக்கது?

கார்த்தி: அந்தக் கண்ணுக்கு டப்பிங் யாரும் பண்ணலியே

செல்வி: அப்படிப் பாத்தா முதல் மரியாதைல ராதாவுக்குக் குரல் ராதிகா

கணபதி மாமா: செல்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டாள். எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். சிவாஜிக்கு ஏன் தேசிய விருது இல்லை என்று ஊரே கேட்கும். பாதிப் பதில் யாருக்கும் தெரியாது. நடிகர், நடிகைக்கு என்று விருது வந்ததே 1967 படங்களுக்குத்தான். முதல் வருஷம் உத்தம் குமார், நர்கிஸ். அதற்கு முன்னால் கட்டபொம்மன், பாசமலர், நவராத்திரி, திருவிளையாடல் எல்லாம் வந்து போய்விட்டன. அந்தப் படங்களுக்குக் கொடுக்காமல் விட்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை, கொடுக்க விருதே கிடையாது. கட்டபொம்மனுக்குக் கெய்ரோவில் 1960-ல் சிறந்த நடிகர் என்று கொடுத்தான். நம் ஊரில் கொடுக்க ஒரு பட்டம் இல்லை. ஆக, கணக்கை 1967-க்கு அப்புறம்தான் பார்க்க வேண்டும். 1968, தில்லானா மோகனாம்பாள். அந்த வருஷம் அசோக் குமாருக்கு, ‘ஆசீர்வாத்’. அதையும் விடுங்கள். 1985-க்கு வாருங்கள்

குமார்: மாமா டைப் பண்ணுதாங்க... இன்னும் டைப் பண்ணுதாங்க...

மீனா: சங்கர் அத்தான் வீட்டுப் பக்கம் எத்தனை பேர்? நான் 140 னு வச்சிருக்கேன்

கணபதி மாமா: 1985. முதல் மரியாதை. அதற்குச் சிறந்த தமிழ்ப் படம் கொடுத்தார்கள். வைரமுத்துவுக்குப் பாட்டுக்குக் கொடுத்தார்கள். சிறந்த நடிகர் சசி கபூர், ‘நியூ டெல்லி டைம்ஸ்’. பத்திரிகை ஆசிரியர் வேஷம். நல்ல நடிகர், நல்ல படம், அவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இளவட்டக்கல்லைத் தூக்குகிற இடத்தை ஒரு தடவை பாருங்கள். முதல் முயற்சியில் முட்டி ஆடும். மூச்சைப் பிடித்து மார்புக்குக் கொண்டுவந்து, தோளுக்கு ஏற்றிய பிறகு முகத்தில் ஒரு சிறுபிள்ளைச் சந்தோஷம் வரும். ஊர்ப் பெரிய மனுஷன் அந்த நிமிஷம் அந்த முகத்தில் இல்லை. வீரபாண்டிய கட்டபொம்மனில் கர்ஜித்த அதே மனுஷன், ஒரு வசனம் இல்லாமல் இதைச் செய்கிறார். அதிகமாக நடிப்பவர் என்று டெல்லிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஆள், குறைத்து நடித்துக் காட்டிய படம் அது. அதற்கும் இல்லை என்றால் வேறு எதற்கு?

செல்வி: மாமா இத நீங்க மேடைலயே பேசுங்க

சங்கர்: 5 நிமிஷம். அதுக்கு மேல மைக் இல்ல

அம்மா: அந்தப் படம் நல்லாருக்கும்

குமார்: அப்பாவா அம்மாவா?

அம்மா: அப்பாதான். நல்ல படத்த நல்ல படம்னுதான் சொல்லுவேன்

கணபதி மாமா: அத்தான் 🙏

கார்த்தி: அப்ப தேவர் மகன்?

கணபதி மாமா: 1992. சிறப்பு ஜூரி விருது என்று கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிறந்த நடிகர் மிதுன் சக்ரவர்த்தி, ஒரு வங்காளப் படத்துக்கு. நாற்பது வருஷம் நடித்தவருக்கு ஆறுதல் பரிசு எதற்கு? வாங்காததுதான் மரியாதை

திவ்யா: சரி அந்தக் கேள்விய “வாங்காம விட்டது சரியா” ன்னு மாத்திக் கேக்கலாம்

செல்வி: ஆறுதல் பரிசுன்னா ஸ்ரீதேவியச் சொல்லணும். மூன்றாம் பிறை 1982. கமலுக்குக் கொடுத்தாங்க. ஸ்ரீதேவிக்கு இல்ல. 35 வருஷம் கழிச்சு மாம் படத்துக்குக் கொடுத்தாங்க, அதுவும் அவங்க போன பிறகு

திவ்யா: அத்தை, மாம்லயும் நல்லாத்தான் பண்ணிருந்தாங்க. விருது அந்தந்தப் படத்துக்குத்தான், மொத்த வாழ்க்கைக்கு இல்ல. 82 ல ஷபானா ஆஸ்மி, அர்த். அதையும் பாக்கணும்ல

செல்வி: பாத்திருக்கேன்டி. ஷபானா தப்புன்னு நான் சொல்லவே இல்ல. கடைசில திரும்பி வர்ற புருஷன வேண்டாம்னு அனுப்புற இடம் ஒண்ணு போதும். ஆனா மூன்றாம் பிறைன்னா எல்லாரும் ஸ்டேஷன்ல கமல் குரங்கு மாதிரி குதிக்கதத்தான் சொல்லுவாங்க. ரயிலுக்குள்ள உக்காந்து யாரோ பைத்தியம்னு நெனச்சுப் பாக்குற அந்தப் பார்வை கொஞ்சம் பிசகியிருந்தாலும் கமல் குதிச்சது வீணாப் போயிருக்கும். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அந்த சீன். ஒருத்தருக்குப் பச்சை, ஒருத்தருக்குச் சிவப்புன்னா எப்படி

திவ்யா: இது பாயின்ட்

குமார்: செல்வி கண்ணத் தொடச்சுக்கோ

செல்வி: நீ மூணு வருஷமா ஊருக்கே வரல, நீ பேசாத

குமார்: லீவு போட்டாச்சு இந்தத் தடவ

சங்கர்: டிக்கெட் அனுப்பு, அப்ப நம்புதேன்

திவ்யா: என்னோட சாய்ஸ் சொல்லவா? வீடு, 1987. அர்ச்சனாவுக்குக் கொடுத்தது முழுப் பச்சை. ஆனா அந்த வீட்டுல

செல்வி: வீட்டப் பத்தி இந்த குரூப்ல பேச வேண்டாம்னு போன பொங்கலுக்கே முடிவு பண்ணோம்

சங்கர்: யாரும் பேசலியே

திவ்யா: அத்தை அது படம் பேரு. பாலு மகேந்திரா

செல்வி: ஓ. சரி

சங்கர்: பத்திரம் விஷயமா ஏதாவதுன்னா எனக்குத் தனியா போன் பண்ணு செல்வி

செல்வி: படம்தானாம். விடு

திவ்யா: அதுல தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டின வீட்டப் பாக்கத் தனியாப் போவாரு. சுவரத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. எனக்குக் கல்லூரில அந்தப் படம் போட்டப்ப கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல. துணை நடிகர் விருது அப்ப இருந்துச்சு. அந்த வருஷம் திலகனுக்கு, ரிதுபேதம். நம்ம படத்துக்கு நடிகைக்குக் கொடுத்தவங்க பாகவதரையும் பாத்துத்தானே இருப்பாங்க

அம்மா: பாகவதர் பெரிய ஆளு. பழைய நாடகக்காரரு

கணபதி மாமா: திவ்யா சொல்வது மிகச் சரி. ஆனால் திலகனோடு போட்டி என்றால் நான் அட்டையைத் தூக்க யோசிப்பேன்

மீனா: புதுசா ஒண்ணு போடுங்க, பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல. எம்.எஸ். பாஸ்கர், பார்க்கிங்

கார்த்தி: 💯 பச்சை

குமார்: பச்சை. எத்தன வருஷமா நடிக்காரு மனுசன்

சங்கர்: பார்க்கிங்னதும் ஞாபகம் வருது. மண்டபத்துல கார் நிறுத்த எடம் கம்மி. எதுத்த வீட்டுக்காரங்க வாசல்ல யாரும் போடாதீங்க. போன தடவ வளைகாப்புக்கு நடந்தது போதும்

செல்வி: அது உங்க மச்சான் காருதான்

மீனா: எங்க அண்ணனை ஏன் இழுக்கீங்க? எடம் காட்டுனது யாரு?

சங்கர்: 🙏🙏 விட்டுருவோம்

திவ்யா: அதே வருஷம் ஊர்வசிக்கு உள்ளொழுக்கு. துணை நடிகைன்னு கொடுத்தாங்க. முக்கால்வாசி படம் அவங்க தலைலதான் நிக்குது, அது எப்படித் துணை? அவங்களே வெளிப்படையா கேட்டாங்க

செல்வி: கேட்டது சரி. இத லிஸ்ட்ல போடு. பச்சையும் பத்தாது சிவப்பும் பத்தாது

திவ்யா: மஞ்ச அட்டை ஒண்ணு அடிக்கவா? “விருது சரி, பிரிவு தப்பு”ன்னு

கணபதி மாமா: மஞ்சள் கண்டிப்பாக வேண்டும். “ஆள் சரி, படம் தப்பு” என்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். கமலுக்கு மூன்றாம் பிறை, நாயகன் ரெண்டும் பச்சை. இந்தியனுக்கு நான் மஞ்சள்

குமார்: இந்தியன் தாத்தாவுக்கு மஞ்சளா? நான் எதிர்ப்பு

கார்த்தி: நானும்

அம்மா: ரிக்‌ஷாக்காரன் பச்சை. அதுல மாத்தம் இல்ல

கணபதி மாமா: அத்தான், ஒரே கோரிக்கை. பாபு துண்டை முழுசாகப் பாருங்கள். பார்த்த பிறகு நீங்கள் எந்த அட்டையைத் தூக்கினாலும் நான் வாய் திறக்க மாட்டேன்

அம்மா: பாக்கேன். இலைய மடிக்க மாட்டேன்

செல்வி: 😂❤️

திவ்யா: அப்ப லிஸ்ட்: ரிக்‌ஷாக்காரன் – பாபு, மூன்றாம் பிறை, முதல் மரியாதை, வீடு, அசுரன், உள்ளொழுக்கு. தேவர் மகன் சந்தேகம். இந்தியன்?

குமார்: போடு

கணபதி மாமா: போடு, ஆனால் நான் பேச வேண்டும்

சங்கர்: மாமாவுக்கு 5 நிமிஷம்தான், அதுல முதல் மரியாதையா இந்தியனான்னு முடிவு பண்ணிக்கிடுங்க

கணபதி மாமா: 10

சங்கர்: காலைல பேசுவோம்

திவ்யா: பெரிய பெரிய எழுத்துல அடிக்கணும்னா 9 மணிக்குள்ள சொல்லுங்கப்பா

அம்மா: சொதிக்கு அம்மா யோசிச்சுச் சொல்லுதாளாம்

மீனா: தேங்கா நாளைக்குச் சொல்லியாகணும் மாமா. 140 பேருக்கா, 160 பேருக்கா?