மஸ்கிக்கு ஃபிளை கட்டினேன், வீச முடியவில்லை

ஸ்காபரோத்தம்பி:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். வசந்தகாலத்தில் ஒன்ராறியோவின் கனரஸ்கா ஆற்றில் ஸ்ரீல்ஹெட் மீனுக்கு ஃபிளை (தூண்டில் முள்ளில் மயிர், இறகு கட்டிச் செய்கிற போலி இரை) வீசிப் பழக்கம் இருக்கிறது. சின்ன ஃபிளைகளை நானேதான் கட்டுகிறேன். இந்த வருசம் மஸ்கி என்கிற பெரிய, பல்லுள்ள வேட்டை மீனில் ஆசை பிடித்துவிட்டது. சிநேகிதன் ஒருவனிடம் வள்ளம் இருக்கிறது, பிஜன் ஏரிக்குப் போகிறோம்.

முயல்தோல் நாடாவும் கம்பளி நூலும் வைத்து எட்டு அங்குலத்தில் ஒரு ஃபிளை கட்டினேன். வைஸில் இருக்கும்போது பார்க்க நல்ல வடிவு. தண்ணீரில் ஒருதரம் நனைந்ததும் ஈரச் சாரத்தைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கிறது. வீசினால் முதுகில் வந்து விழுகிறது. என்னிடம் இருப்பது எட்டாம் இலக்க றொட் (தூண்டில் தடி). அது போதாதா, அல்லது பிழை ஃபிளையிலா?

இன்னொன்று. ஒரு மீன் பாசிக்குள்ளிருந்து ஃபிளைக்குப் பின்னாலேயே வந்தது. வள்ளத்துக்குக் கிட்டே நின்று பார்த்தது, அப்புறம் கீழே போய்விட்டது. அந்த நேரம் என்ன செய்திருக்க வேண்டும்?

பாசையூரான்:

தம்பி, முதலில் அந்த முயல்தோலைக் கழற்றி எறியும். முயல்தோலும் கம்பளியும் தண்ணீர் குடிக்கும், மான்வால் மயிர் குடிக்காது. தண்ணீருக்குள் பெரிதாகத் தெரியவேண்டும், தூக்கி வீசும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கவேண்டும். மஸ்கி ஃபிளை கட்டுகிறவன் மண்டையைப் போட்டு உடைப்பதெல்லாம் இதற்குத்தான்.

வெள்ளைவால் மானின் வால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாரும். அடிப்பக்கத்து மயிர் உள்ளே கொஞ்சம் குழலாக இருக்கும், நூலை இறுக்கினால் விரிந்து நிற்கும். நுனிப்பக்கத்து மயிர் விரியாது, படுத்துக்கொள்ளும். ஆகவே உடம்புக்கு அடிமயிர், வாலுக்கு நுனிமயிர். கடையில் வாங்கும்போது மயிர் நீளமாகவும் நெளிவு குறைவாகவும் இருக்கிற வாலாகப் பொறுக்கும். நான் இருக்கிற பீற்றர்பரோப் பக்கம் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அயலில் ஒருவர் வாலை எனக்கென்று எடுத்து வைப்பார். எலும்பை உருவி, உப்புப் போட்டுக் காயவைத்தால் வருசக்கணக்கில் கிடக்கும். மனிசிதான் கராஜுக்குள் வரமாட்டேன் என்கிறா.

கட்டுகிற முறைக்கு நியூஜேர்சிக்காரர் பொப் பொப்பொவிக்ஸின் ஃபிளைகளைப் பார்த்துப் படிக்கவேண்டும். அவர் இதைக் கடல் மீனுக்காகத்தான் செய்தார், மஸ்கிக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக மயிரைப் பின்னோக்கிப் படுக்கவைத்துத்தானே கட்டுவோம்? இதில் மயிரின் நுனி, தூண்டில் முள்ளின் கண்ணைத் தாண்டி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டவேண்டும். முள்ளைச் சுற்றி எல்லாப் பக்கமும் மயிர் ஒரே அளவில் பரவட்டும். அப்புறம் மை முடிந்த பேனாவின் வெறும் குழாயை முன்னாலிருந்து செருகி, மயிரைப் பின்னுக்குத் தள்ளி, அதற்கு முன்னால் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சின்ன அணை கட்டும். மயிர் அணையில் சாய்ந்து நிற்கும், முழுதாகப் படுக்காது. ஃபிளை பருமனாகத் தெரியும், உள்ளே பார்த்தால் வெறும் கூடு. இப்படி வாலிலிருந்து தலை வரை நாலைந்து வளையம் போதும், முன்னுக்கு வர வர மயிர் குட்டையாகட்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் பென்சில் தடிப்பில் பாதி மயிருக்கு மேல் எடுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சேவலின் நீள இறகு ஒவ்வொன்று, கொஞ்சம் மினுக்கம், சரி.

வேர்ஜினியாக்காரர் பிளேன் சொக்லெட்டின் கேம் சேஞ்சர் என்று ஒன்று இருக்கிறது. குட்டிக் கம்பித் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டுவது. தண்ணீருக்குள் அது வளைந்து நெளிந்து போவதைப் பார்த்தால் ஆசைதான் வரும். ஆனால் ஒன்றைக் கட்ட ஒரு பின்னேரம் போய்விடும், மஸ்கியின் பல்லுக்கு அது பெரிய காரியமில்லை. நீர் இப்போதைக்கு அதில் இறங்க வேண்டாம். லெஃப்ரி கிரேயின் டிசீவர் என்கிற ஃபிளையைப் பெரிதாகக் கட்டும். 1991-ல் அமெரிக்கத் தபால்துறை அதன் படத்தை 29 சத முத்திரையில் போட்டது. பழைய ஃபிளை என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், மீன் சுளிக்காது.

ஃபிளையின் அளவைப் பற்றியும் பெரிதாக யோசிக்க வேண்டாம். 1988 ஒக்ரோபரில் ஜோர்ஜியன் பேயில் கென் ஓ'பிரையன் பிடித்த மஸ்கி 65 இறாத்தல், 58 அங்குலம். ஒன்ராறியோச் சாதனை இன்றைக்கும் அதுதான். அது கடித்தது ரப்பாலா என்கிற சின்னப் போலி மீன் ஒன்றை. ஆறேழு அங்குலத்தில் நாள் முழுக்க வீசக்கூடிய ஃபிளை, பத்து அங்குலத்தில் ஒரு மணித்தியாலம் வீசிவிட்டுக் கையைத் தடவிக்கொண்டு இருக்கிற ஃபிளையைவிட நல்லது.

றொட்டுக்கு வருவோம். எட்டாம் இலக்கம் மீனை இழுக்கும், ஃபிளையைத்தான் தூக்காது. ஃபிளை வீச்சில் லைனின் எடைதான் ஃபிளையைக் கொண்டுபோகிறது. பாரமான லைனை வீசுகிற பத்தாம் அல்லது பதினோராம் இலக்கம் வாங்கும், 400 கிரெய்ன் எடை அளவில் மூழ்கும் லைன் போடும். லைனுக்கும் ஃபிளைக்கும் இடையில் கட்டுகிற லீடர் நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம். கடைசி ஓரடி கம்பியாக இருக்கட்டும்.

இனி அந்தத் திரும்பிப் போன மீன். கடைசிப் பத்தடியில் லைனை இன்னும் வேகமாக இழுக்கவேண்டும். பயந்து ஓடுகிற இரை வேகம் குறைக்காது, நீர் குறைத்தால் மஸ்கிக்கு விளங்கிவிடும். லீடர் மட்டும் வெளியே இருக்கும்போது றொட்டின் நுனியைத் தண்ணீருக்குள் முழங்கை வரைக்கும் இறக்கி, 8 என்ற வடிவில் அகலமாக எட்டுப் போடும். திருப்பம் பெரிதாக இருக்கவேண்டும். நாலடி மீனுக்குச் சின்ன வட்டத்தில் திரும்ப வராது. திருப்பத்தில் கொஞ்சம் மேலே எழுப்பி, நேர்ப்பாதையில் கீழே இறக்கினால் பல மீன் அந்த இடத்தில்தான் கடிக்கும். மீன் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் செய்யும். கலங்கல் தண்ணீரில் பின்னால் வருகிறது நமக்குத் தெரியாது.

கடித்தால் ட்ரவுட்டுக்குச் செய்கிற மாதிரி றொட்டைத் தூக்க வேண்டாம். வாய் முழுக்க எலும்பு, முள் ஏறாது. நுனியை மீனை நோக்கி வைத்துக்கொண்டு லைனைக் கையால் பலமாக இழும். ஒருதரம் போதாது.

கெளிறு:

எல்லாம் சரி அண்ணை. பிடித்த பிறகு சொதி வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் எழுதவில்லையே?

கிளிநொச்சிக்காரி:

கெளிறு, உங்களிடம் இருப்பது கொன்சவேஷன் லைசென்ஸ் என்றால் மஸ்கி ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. ஸ்போர்ட் லைசென்ஸில் ஒன்று, அதுவும் பிஜன் ஏரி போன்ற கவார்த்தா ஏரிகள் இருக்கிற 17-ம் மீன்பிடி வலயத்தில் 44 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான். அந்த அளவுக்கு வளர ஒரு பெண் மீனுக்குப் பத்தாண்டு அளவில் ஆகும். வருசக்கணக்காக மற்ற மீன்களைத் தின்று பாதரசத்தைச் சேர்த்துவைத்த உடம்பு அது. சொதிக்கு வோலாய் (walleye) மீன் வாங்குங்கோ.

தம்பி, பாசையூரான் அண்ணை சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு வேறு கருத்து. அண்ணை கோபிக்கக்கூடாது. பிஜன், பக்ஹோர்ன், செமொங் எல்லாம் பெரும்பாலும் ஆழம் குறைந்த, பாசி நிறைந்த ஏரிகள். ஜூலையில் அங்கே 400 கிரெய்ன் மூழ்கும் லைன் போட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் கீரைக்கட்டுத்தான் வரும். மெதுவாக இறங்கும் இன்ரமீடியற் லைன் வாங்குங்கோ. பாசிக்கு மேலே ஓரிரண்டு அடியில் ஃபிளை போகட்டும். மூழ்கும் லைன் ஒக்ரோபருக்குப் பிறகு, பாசி படுத்த பின்னர் உதவும்.

மற்றது கம்பி. கம்பிக்குப் பதிலாக நான் 100 இறாத்தல் தாங்குகிற ஃபுளோரோகாபன் இழைதான் போடுகிறேன். எட்டுப் போடும்போது கம்பி மடிந்தால் அந்த இடம் பலவீனம், ஃபிளையின் ஆட்டமும் கெடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, கீறல் இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கோ.

வெயில் காலத்தில் வெப்பமானி கொண்டுபோங்கோ. மேல்தண்ணீர் 26, 27 பாகை செல்சியஸைத் தொட்டால் நான் மஸ்கியை விட்டுவிட்டு பாஸ் மீனுக்கு வீசுவேன். சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. களைத்த மீனை விட்டால் நீந்திப் போகும், பிறகு எங்கேயோ செத்து மிதக்கும். ஆசைக்காக அதைச் செய்யத் தேவையில்லை.

ஸ்காபரோத்தம்பி:

இருவருக்கும் நன்றி. மான்வால் இரண்டு வாங்கிவிட்டேன், ஒன்று வெள்ளை, ஒன்று சார்ட்ரூஸ். பொப்பொவிக்ஸ் முறையில் ஒன்று கட்டிப் பார்த்தேன். மூன்றாவது வளையத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. ட்ரவுட் ஃபிளைக்குப் பாவிக்கிற நூல்தான். அக்கா சொன்ன இன்ரமீடியற் லைனை எடுக்கிறேன், றொட் பத்தாம் இலக்கம். வேறு என்ன சாமான் தேவை?

பாசையூரான்:

அந்த நூல் சரிவராது. ஜி.எஸ்.பி நூல் என்று கேட்டு வாங்கும். பின்னல் மீன்பிடி லைன் செய்கிற அதே வகை இழைதான், விரலை வெட்டும், தான் அறாது. வழுக்கும், ஆகவே கட்டத் தொடங்க முதல் மெழுகு தடவும். தலையில் கடைசி முடிச்சுக்கு மேல் ரெசின் ஒரு சொட்டு.

பிள்ளை சொன்ன லைன் விசயம் சரி, நான் ஒட்டாவா ஆற்றை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளும். கம்பி விசயத்தில் நான் மாறமாட்டேன்.

சாமானில் முதலாவது வலை. றப்பர் பூசின, பெரிய, ஆழமான வலை. மஸ்கியை வள்ளத்துக்குள் தூக்கிப் போட வேண்டாம், வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றும். முள்ளில் எதிராக நிற்கும் சின்னக் கொக்கியைக் கட்டுவதற்கு முன்பே இடுக்கியால் நசுக்கிவிட்டால் பாதி வேலை குறையும். நீளமான இடுக்கி ஒன்று. அதோடு முள்ளை வெட்டுகிற கட்டர். 6/0 முள்ளை ஒரே அமுக்கில் வெட்டுகிற கட்டராகப் பார்த்து வாங்கும், கடையிலேயே பழைய முள் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லும். மீனின் செவுளுக்குள் முள் போனாலும் அது தேவை, சிநேகிதனின் கைக்குள் போனாலும் அது தேவை. படம் எடுக்கிறது என்றால் கமராவை முதலில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக் கிடையாகத் தூக்கி எடும், உடனே விடும்.

அங்கே மஸ்கி பிடிக்கிற காலம் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கிறது. அந்த வருசத்து விதிகளை ஒருதரம் வாசித்துவிட்டு வாரும். அதற்கிடையில் புல்வெளியில் முள்ளை வெட்டியெடுத்த ஃபிளை ஒன்றைக் கட்டி வீசிப் பழகும். தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.

கெளிறு:

அண்ணை, அந்த கட்டர் கடையின் பெயரைத் தனிமடலில் போடுங்கோ. சொதி விசயம் மறந்துவிட்டேன்.