.22 பேரலை எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை துடைப்பது, எந்தப் பக்கமிருந்து?

குறிவட்டம்:
வணக்கம். 50 மீட்டர் புரோனுக்கான (படுத்துச் சுடும் போட்டி) .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். சுமார் 900 ரவுண்டாக பேரலைத் துடைக்கவில்லை. இப்போது பத்தில் ஒன்றிரண்டு குண்டு குரூப்பை (குண்டுகள் கூடி விழும் இடம்) விட்டு விலகி எட்டுப் புள்ளி வளையத்தில் விழுகிறது. தோட்டாவை ஏற்றும்போது போல்ட் (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் உருளை) கடைசியில் லேசாக இறுகுகிறது. கையில் இருப்பது மூன்று துண்டாகத் திருகி மாட்டும் அலுமினிய ராட், வெண்கல பிரஷ், மண்ணெண்ணெய். குழல் வாய் வழியாக ராடை விடலாமா? தினமும் துடை என்கிறார்கள் சிலர், .22-வைத் தொடவே கூடாது என்கிறார்கள் சிலர்.

ஒற்றைத்துளை:
அந்த ராடை முதலில் ஓரமாக வையுங்கள். .22 குண்டு மெழுகு பூசிய மெத்தென்ற ஈயம். அது பேரலைத் தேய்க்க எத்தனையோ ஆயிரம் ரவுண்டு ஆகும்; தப்பான ராட் சீக்கிரமே தேய்த்துவிடும். துண்டு ராடில் இணைப்பு விளிம்புகள் உரசும். அலுமினியம் மென்மையானது என்பதே அதன் குறை: மண்துகள் அதில் பதிந்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஒரே துண்டான ஸ்டீல் ராடோ பிளாஸ்டிக் உறை போட்டதோ வாங்குங்கள். கைப்பிடி பேரிங்கில் சுழல வேண்டும். .22-க்குப் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று ரைஃப்ளிங் (குழலுக்குள் திருகிச் செல்லும் வரிப்பள்ளம்). ராட் அதோடு சுழலாவிட்டால் பேட்ச் (துடைக்கும் துணித்துண்டு) வரிகளின் மேல் வழுக்கிப் போகுமே தவிர பள்ளத்தைத் துடைக்காது.

குழல் வாய் வழியாக வேண்டவே வேண்டாம். குண்டைக் கடைசியாகத் தொடுவது கிரவுன், அதாவது குழல் வாயின் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கம் முந்திக் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும்.

முறை இதுதான். மேஜையில் தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள். குழல் வாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும்; இல்லாவிட்டால் சால்வெண்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) பின்னால் வழிந்து டிரிகரில் இறங்கிப் பிசுபிசுக்கும், பெடிங்கையும் (கட்டையில் ரைஃபிள் உட்காரும் படுகை) கெடுக்கும். போல்ட் இருந்த இடத்தில் போர் கைடைச் (ராடை நேராகச் செலுத்தும் குழாய்) செருகுங்கள். பேட்ச்சில் நாலைந்து சொட்டு சால்வெண்ட் போதும். பின்னாலிருந்து நேராகத் தள்ளி, வாயில் வெளியே வந்ததும் பேட்ச்சைக் கையால் எடுத்துவிட்டு ராடை மெதுவாக இழுங்கள். அழுக்குப் பேட்ச்சைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள். இப்படி இரண்டு ஈரம், ஐந்து நிமிடம் பொறுத்து உலர்ந்தது நாலைந்து. கடைசி பேட்ச் லேசான சாம்பல் நிறத்தில் வந்தாலே போதும். பளிச்சென்று வரும்வரை தேய்ப்பது வீண் வேலை. பேட்ச் அளவும் முக்கியம்: தள்ளும்போது ராட் வளைந்தால் பேட்ச் பெரிது, வளைந்த ராட் ரைஃப்ளிங்கில்தான் உரசும்.

தாமிரம் கரைக்கும் அம்மோனியா சால்வெண்ட் வாங்க வேண்டாம். சாதா ஈயக் குண்டில் கரைக்கத் தாமிரமே இல்லை. மண்ணெண்ணெய் மெழுகை இளக்கும், கார்பனிடம் பலிக்காது.

சேம்பர்வாசி:
மேலே சொன்னது சரி. ஆனால் இங்கே நோய் பேரல் முழுக்க இல்லை என்பது என் கணிப்பு. போல்ட் இறுகுவதும் குண்டு விலகுவதும் சேர்ந்து வந்தால் முதலில் கார்பன் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். தோட்டா உறையின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், ரைஃப்ளிங் தொடங்குமிடத்தில், எரிந்த மருந்தும் மெழுகும் கண்ணாடித் தூளும் ஈயமும் கலந்து கல் மாதிரி இறுகும். பிரைமர் கலவையில் அரைத்த கண்ணாடி சேர்ப்பது .22-இல் வழக்கம், அதனால்தான் அவ்வளவு கடினம். பேட்ச் இதன்மேல் சும்மா வழுக்கிப் போகும்.

கார்பன் சால்வெண்ட் நனைத்த பேட்ச்சை அந்த இடத்தில் 10-15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு வெண்கல பிரஷ்ஷை அங்கே மட்டும் கையால் ஐந்தாறு சுற்று, ஒரே திசையில். ஸ்டீல் பிரஷ் கூடவே கூடாது. பிரஷ் பேரலின் பாதியில் இருக்கும்போது திசையைத் திருப்பினால் கம்பிகள் மடங்கி இறுகிக்கொள்ளும். தேய்க்கும் பேஸ்ட் வேண்டாம். வளையம் தேயும் முன் ரைஃப்ளிங்கின் முனை தேயும்.

எத்தனை ரவுண்டு என்றால்: சேம்பர் பக்கம் 200-க்கு ஒருமுறை, முழு பேரல் 400-500-க்கு. அதற்கு ராடில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துண்டு) மாட்டினாலே போதும். தினமும் துடைப்பதை நான் ஏற்கவில்லை. துடைத்த பேரலில் மெழுகுப் படலம் மறுபடி சமமாகப் படிய 10 முதல் 20 ரவுண்டு ஆகும், அதுவரை ஜீரோ (சைட்டைச் சரிசெய்து வைத்த குறி) அலையும். போட்டிக்கு முந்தின ராத்திரி துடைத்துவிட்டு, காலையில் சைட்டர்களில் (புள்ளி சேராத சோதனைச் சுடல்கள்) தடுமாறுவது இதனால்தான். தோட்டா பிராண்டை மாற்றினாலும் இதே கதை, மெழுகு வேறு.

குறிவட்டம்:
நன்றி. இதே ஃபெல்ட்டை 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் பயன்படுத்தலாமா? சென்னை ஈரத்துக்கு உள்ளே எண்ணெய் விட்டு வைக்கலாமா?

ஒற்றைத்துளை:
முறை அதேதான், ஃபெல்ட் மட்டும் .177 அளவில், சால்வெண்ட் இல்லாமல் உலர்வாக. சால்வெண்ட் ஓ-ரிங்கைக் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கெடுக்கும். ஸ்ப்ரிங் துப்பாக்கியில் எண்ணெய் அழுத்த அறைக்குள் போனால் சூட்டில் பற்றி வெடிக்கும். உயரழுத்தக் காற்று நிரப்பும் பாகங்களில் பெட்ரோலிய எண்ணெய் இன்னும் ஆபத்து.

.22-க்கு, சில நாளில் மறுபடி சுடுவதானால் எண்ணெயே தேவையில்லை, மெழுகே காக்கும். மாதக்கணக்கில் வைப்பதானால் இரண்டு சொட்டு எண்ணெய் பேட்ச். ஃபோம் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் பூட்டி வைக்காதீர்கள். சுடும் முன் உலர்ந்த பேட்ச் இரண்டு விட்டு எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும், சேம்பரிலும் சேர்த்து. பேட்ச்செல்லாம் ஈயம், கையுறை போடுங்கள். முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும். டீ அதற்கப்புறம்தான்.