மறு: தொப்புள்கொடியும் மூச்சூட்டலும் – ‘தாமதக் கவ்வல்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஐயா அனுப்பிய சொற்பட்டியலையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் முழுதாகப் படித்துவிட்டேன். செவிலியர் பயிற்சிக் கையேட்டில், பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்குத் தொப்புள்கொடியை என்ன செய்வது என்ற அத்தியாயத்துக்கான சொற்கள். பிரசவ அறையில் குழந்தையின் பக்கம் நிற்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் பட்டியலில் பெரும்பாலானவை சரி, இரண்டு மூன்று சொற்கள் மட்டும் கையைத் தப்பான திசையில் கொண்டுபோகக் கூடியவை.

முதலில் சின்ன விஷயங்கள்.

> தொப்புள்கொடி மேலாண்மை

‘கொடி மேலாண்மை’ என்றதும் எனக்குக் கொடிக்கம்பம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா ஒருவர் ‘பராமரிப்பு’ என்று மாற்றச் சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே ஓரிடத்தில் குடியிருக்கிறது. வெட்டிய பிறகு எஞ்சும் துண்டு காய்ந்து விழும்வரை அதைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைப்பதைத்தான் கொடிப் பராமரிப்பு என்கிறோம். அது நாள் கணக்கு, நாம் பேசுவது வினாடிக் கணக்கு. ‘கொடி கையாளுகை’ என்று வைக்கலாம். கொப்பூழா தொப்புளா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தொப்புள் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நஞ்சுக்கொடியிலும் ‘கொடி’ இருக்கிறது. கூட்டுச்சொற்களில் வெறும் ‘கொடி’ வந்தால் அது தொப்புள்கொடியையே குறிக்கும் என்று அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடிக்கு இலங்கை நண்பர்கள் சொல்லும் ‘சூல்வித்தகம்’ இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும், மற்றவர்களுக்குப் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

> தாமதக் கவ்வல் = பிறந்து ஒரு நிமிடமாவது கழித்துக் கொடியில் கவ்வி போடுதல்

(கவ்வி என்றால் கிளாம்ப், கொடியை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தும் கருவி.) வரையறை சரி, சொல் சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன் கவ்வ வேண்டாம் என்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு உரிய இரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பிறக்கும் நேரத்தில் நஞ்சுக்கொடியின் பக்கம் இருக்கிறது. காத்திருந்தால் அதில் பெரும்பகுதி குழந்தைக்கு வந்துவிடும். அவசரப்பட்டுக் கவ்வுவது குழந்தைக்குக் கெடுதல் என்று எராஸ்மஸ் டார்வின் 1801-லேயே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, இயல்பாக நடக்க வேண்டியதைத் ‘தாமதம்’ என்று எப்படிச் சொல்வது? பிரசவ அறையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: யாரோ வேலையை நேரத்துக்குச் செய்யவில்லை. குழந்தையின் பதிவேட்டில் ‘தாமதம்’ என்று எழுதியிருப்பதைத் தகப்பனார் படித்தால் என்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். ‘பொறுத்துக் கவ்வல்’ என்பதற்கு என் ஓட்டு. எதிர்ச்சொல் ‘உடனடிக் கவ்வல்’.

‘உகந்த கவ்வல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தீர்ப்பு சொல்லும் சொல். எந்தக் குழந்தைக்கு எது உகந்தது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும்போது விடையைப் பெயரிலேயே எழுதி வைக்கக் கூடாது.

இதுவரை சொன்னது பிறந்ததும் அழும் குழந்தைக்கு. நம் அத்தியாயமோ அழாத குழந்தையைப் பற்றியது. நிறைமாதத்தில் பிறப்பவர்களில் 85 விழுக்காட்டினர் தாமாகவே மூச்சுவிட்டுவிடுவார்கள். இன்னும் 10 விழுக்காட்டினருக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்குத்தான் முகமூடி வைத்துக் காற்று செலுத்த வேண்டியிருக்கும், அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். பொறுக்கவும் வேண்டும், நிமிடத்துக்குள் காற்றும் கொடுக்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறது? குழந்தை துவண்டு கிடந்தால் சட்டென்று இரண்டு கவ்விகள், நடுவில் கத்தரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சூடேற்றும் மேசைக்கு ஓட்டம். அதாவது இரத்தம் அதிகம் தேவைப்படும் குழந்தைக்குத்தான் அது முதலில் நிறுத்தப்படுகிறது.

இதில் இதயத்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கையேட்டில் அரைப் பக்கமாவது எழுத வேண்டும், சொற்கள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. கருவில் நுரையீரல் வழியே இரத்தம் கொஞ்சம்தான் போகும். இதயத்தின் இடப்பக்கத்துக்கு வரும் இரத்தத்தில் பெரும்பங்கு தொப்புள்கொடியின் ஒற்றைச் சிரை கொண்டுவருவது. குழந்தை மூச்சுவிட்டு நுரையீரல் விரிந்தால் அங்கே இரத்த ஓட்டம் பெருகி அந்த இடத்தை நிரப்பும். மூச்சு வருமுன் கொடியைக் கவ்விவிட்டால் பழைய வரத்து நின்றது, புதியது இன்னும் வரவில்லை. நடுவில் இதயம் வெறுமனே அடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளில் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே காட்டியது: முதலில் கவ்விய குட்டிகளில் இதயத்துடிப்பு சரிந்தது, முதலில் காற்று கொடுத்துப் பிறகு கவ்வியவற்றில் அந்தச் சரிவு இல்லை. கடிகாரத்தைவிட வரிசை முக்கியம் என்பதுதான் இதன் பொருள்.

அதனால்தான் ‘தாமதம்’, ‘ஒரு நிமிடம்’ போன்ற நேரச் சொற்களை இந்தக் குழந்தைகளுக்கு நான் தவிர்க்கச் சொல்கிறேன். மூச்சு நிலைபெற்றதைப் பார்த்த பிறகு கவ்வும் முறைக்கு ‘மூச்சுகண்டு கவ்வல்’ என்று பெயர் வைக்கலாம். பட்டியலில் உள்ள ‘உடலியங்கியல் அடிப்படையிலான கவ்வல்’ அகராதிக்கு அழகாக இருக்கும், வாயில் நிற்காது.

இப்போது இந்த இழையில் அதிகம் அடிபட்ட சொல்.

> கொடியறா உயிர்மீட்பு – கொடியை அறுக்காமலே செய்யும் உயிர்மீட்பு. கேட்க நன்றாக இருக்கிறது, சங்கத் தமிழ் மணம்!

மணம் இருக்கிறது. ஆனால் பேராசிரியர் அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: கவ்வி போட்டாயிற்று, இன்னும் வெட்டவில்லை, இது ‘அறாத’ கொடிதானே? ஆம், அறாத கொடிதான். ஆனால் அதில் ஒரு சொட்டு இரத்தமும் ஓடாது. பேச்சு வழக்கில் ‘கொடி அறுத்தாச்சு’ என்றால் கவ்வியதும் வெட்டியதும் சேர்ந்தே வந்துவிடும். உடலுக்கோ கவ்விய கணம்தான் கணக்கு. ‘அறா’ என்று எழுதினால், கவ்வி போட்டுவிட்டு வெட்டாமல் வைத்துக்கொண்டு காற்று கொடுத்து, முறையைப் பின்பற்றியதாக ஒருவர் நினைக்க இடமுண்டு. இது வெறும் சொல் விளையாட்டாக எனக்குப் படவில்லை.

என் பரிந்துரை ‘கவ்வாக்கொடி’. ஓடாக்குதிரை, பாடாப்பாட்டு மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம்தான், இலக்கணத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. கவ்வாக்கொடி உயிர்மீட்பு, கவ்வாக்கொடி மூச்சூட்டல் என்று இரண்டு அளவிலும் பயன்படுத்தலாம். ‘மூச்சூட்டல்’ முகமூடியாலோ குழாயாலோ காற்று செலுத்துவதற்கு மட்டும். நெஞ்சை அழுத்துவது, மருந்து எல்லாம் சேர்ந்த முழு வேலைக்கு ‘உயிர்மீட்பு’. ‘புத்துயிரூட்டல்’ என்றால் குழந்தை இறந்து பிழைத்ததாகப் பெற்றோருக்குக் கேட்கிறது.

செய்முறையில் கவ்வாக்கொடி என்பது என்னவென்று பார்த்தவர்களுக்குச் சொல் உடனே ஒட்டிக்கொள்ளும். கொடி சராசரியாக 50, 60 செ.மீ. நீளம். அதில் ஒரு பகுதி இன்னும் தாயின் உள்ளேயே இருக்கும். ஆகவே குழந்தையை மேசைக்குக் கொண்டுபோக முடியாது, மேசைதான் குழந்தையிடம் வர வேண்டும். அதற்கென்று சிறு தள்ளுமேசைகள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் தாயின் தொடைகளுக்கு நடுவிலேயே உறுதியான பலகையும் சூடான துணியும் விரித்து, பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கொடி இழுபடக் கூடாது, மடங்கக் கூடாது, குழந்தை நனைந்து குளிரக் கூடாது. விரல் பருமனில் நீலம் ஓடித் துடித்துக்கொண்டிருக்கும் கொடி, கொஞ்ச நேரத்தில் வெளுத்துத் தொய்ந்துவிடும். நேபாளத்தில் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கொடியைக் கவ்வாமல் உயிர்மீட்பு செய்த குழந்தைகளுக்கு முதல் சில நிமிடங்களில் ஆக்சிஜன் அளவும், பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண்ணும் கூடுதலாக இருந்தன. இதையும் சொல்ல வேண்டும்: 29 வாரம் நிரம்பாத மிகக் குறைமாதக் குழந்தைகளில் செய்த வென்ட்ஃபர்ஸ்ட் ஆய்வில், கவ்வுமுன் காற்று கொடுத்ததால் மூளைக்குள் இரத்தக்கசிவு குறையவில்லை. ‘உகந்த’ வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கைவைத்தால் எரியும் சொல்.

> கொடி பால்கறத்தல்

ஆங்கில ‘மில்க்கிங்’கை அப்படியே பெயர்த்தது. ஐயா, மன்னிக்கவும், இதைப் பட்டியலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். செய்வது இதுதான்: கொடியின் 20 செ.மீ. அளவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, உள்ளே இருக்கும் இரத்தத்தைக் குழந்தையை நோக்கி இரண்டு வினாடியில் வழித்துக்கொண்டுவந்து, விட்டு, மறுபடி நிரம்பியதும் திரும்பச் செய்வது, நான்கு முறை. இதற்குத் தமிழில் நல்ல வினை இருக்கிறதே, ‘உருவுதல்’. காலை உருவிவிடு என்று பாட்டி சொல்லும் அதே சொல். கவ்வாமல் செய்தால் ‘கவ்வாக்கொடி உருவல்’. நீளமாக விட்டு வெட்டிய பிறகு செய்தால் ‘வெட்டுகொடி உருவல்’, அதில் துண்டுக்குள் இருக்கும் இரத்தம் மட்டும்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் போடக் கூடாது.

உருவலுக்குப் பக்கத்திலேயே கர்ப்பத்தின் வாரக் கணக்கு வர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். 2019-ல் வெளிவந்த பிரீமாட்-2 ஆய்வில், 23 முதல் 27 வாரத்தில் பிறந்தவர்களில் உருவல் செய்த குழுவில் 22 விழுக்காட்டினருக்குக் கடுமையான மூளை இரத்தக்கசிவு, பொறுத்துக் கவ்விய குழுவில் 6 விழுக்காடு. ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள். அந்த மெல்லிய மூளைக்கு வேகமாகப் பாயும் இரத்தம் தாங்காது என்பது ஒரு விளக்கம். அதே உருவலை 35 வாரம் கடந்து துவண்டு பிறந்தவர்களிடம் செய்து பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது குறிப்பிடும்படி குறையவில்லை, ஆனால் ஆக்சிஜன் குறைவால் வரும் மிதமான, கடுமையான மூளைப் பாதிப்பு உடனடிக் கவ்வலில் 3.1 விழுக்காடு, உருவலில் 1.4. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: 28 வாரத்துக்குக் கீழே வேண்டாம், 35-க்கு மேல் துவண்ட குழந்தைக்குச் செய்து பார்க்கலாம்.

ஆம், ‘துவண்ட’. பட்டியலில் ‘துடிப்பற்ற குழந்தை’ என்று இருக்கிறது. நாம் கொடியின் துடிப்பையும் இதயத்துடிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் ‘துடிப்பற்ற’ என்று எழுதினால் படிக்கும் செவிலி நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுவார். துவண்ட குழந்தை என்றால் தசையில் இறுக்கமில்லை, அழுகையில்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது.

‘கவ்வி’யா ‘இடுக்கி’யா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். எங்கள் அறையில் எல்லாரும் ‘கிளாம்ப்’ என்றுதான் கேட்கிறோம், கருவியின் பெயராக அதையே வைத்துக்கொண்டு வினையை மட்டும் ‘கவ்வல்’ என்று வைத்தாலும் எனக்குச் சம்மதம். அப்புறம், இரட்டைக் குழந்தைகள், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்த பிரசவம் போன்று பொறுக்கக் கூடாத, அல்லது யோசித்துச் செய்ய வேண்டிய நிலைகளுக்கு ஐயா தனிப் பட்டியல் அனுப்புவதாகச் சொன்னீர்கள். அது வந்தால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குழந்தைகள் பக்கத்திலிருந்து