பிரசண்ட் ஹெலிகாப்டரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சென்னையிலிருந்து:

2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. சுற்றி இருந்தவர்கள் ரஃபேல், தேஜஸ் போர் விமானங்களுக்குக் காத்திருந்தார்கள், என் கண் நம் நாட்டிலேயே செய்த தாக்குதல் ஹெலிகாப்டரான பிரசண்ட் மேல்தான். நேராக நம்மை நோக்கி வரும்போது மெலிந்த கோடு மாதிரிதான் தெரிகிறது. பக்கவாட்டில் திரும்பியதும்தான் முழு உருவமும் பிடிபடுகிறது. விமானிகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக உட்காருவதால் உடல் அவ்வளவு ஒல்லி. கீழே இருந்து சுடுகிறவனுக்குக் குறி சிறிதாகிவிடும். அன்று வெயிலில் ஐந்து பேர் இறந்த செய்தி மாலையில் வந்ததும் பார்த்த சந்தோஷம் போய்விட்டது.

பெங்களூருவிலிருந்து:

எலகங்காவில் 2023 ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்குக்குக் கீழே 20 மி.மீ. பீரங்கி. பிரெஞ்சுத் தயாரிப்பு. விமானியின் தலைக்கவசத்தோடு இணைத்திருக்கிறார்கள், அவர் தலை திரும்பும் பக்கம் குழலும் திரும்பும். இருபுறமும் குட்டை இறக்கைகள். 70 மி.மீ. ராக்கெட்டுகளும், வானில் பறக்கும் இலக்கைச் சுடும் மிஸ்ட்ரல் ஏவுகணைகளும் அவற்றில்தான் தொங்கும்.

ஆனால் எனக்கு ஆயுதங்களைவிட இது பிறந்த காரணம்தான் முக்கியம். 1999 கார்கில் போரில் நம்மிடம் இருந்த தாக்குதல் ஹெலிகாப்டர் மி-35. அந்த உயரத்தில் அதனால் சண்டை போட முடியவில்லை. அதனால் ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் மி-17-இல் ராக்கெட் மாட்டி அனுப்பினார்கள். மே 28 அன்று கார்கிலின் தோலோலிங் மலைப் பக்கம் அப்படிப் போன ஒன்று தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் வீழ்ந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். பிரசண்டைப் பற்றி யார் பேசினாலும் அந்த நால்வரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். 2006-இல் திட்டத்தை அறிவித்தது. முதல் மாதிரி 2010 மார்ச் 29 அன்று பறந்தது. துருவ் ஹெலிகாப்டருக்காக ஏற்கெனவே உருவாக்கிய ரோட்டரையும் (மேலே சுழலும் விசிறி) கியர் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, உடலை மட்டும் போருக்கென்று புதிதாக வடிவமைத்தார்கள். எஞ்சின் 'சக்தி', பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, இரண்டு இருக்கும். முதல் மாதிரியில் எடை கூடிப்போனது. அடுத்தடுத்த மாதிரிகளில் போராடிக் குறைத்தார்கள். ஆயுதத்தோடு கிளம்பும்போது அதிகபட்சம் 5.8 டன்.

கோவையிலிருந்து:

நான் ஹெலிகாப்டரைப் பார்த்ததில்லை, அது பறக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறேன். லடாக்கின் லே நகரில் இறங்கிய முதல் நாள் விடுதிப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அப்புறம் கார்துங் லா கணவாயில் வண்டியை விட்டு இறங்கி நாலு அடி நடந்ததும் தலை சுற்றியது. எஞ்சினுக்கும் நம் நுரையீரல் கதிதான். காற்று மெலிந்தால் எரிக்க ஆக்சிஜன் குறையும், எஞ்சின் பலம் இறங்கும். ரோட்டர் கீழே தள்ளவும் காற்று போதாது. எடை குறைப்பது ஏன் உயிர்ப் பிரச்சினை என்று அங்கே நின்றபோது எனக்கு உடம்பிலேயே தெரிந்தது.

இதே லடாக்கில்தான் 2015-இல் பிரசண்டின் சோதனை நடந்தது. சியாச்சினில் ஒரு முன்னணித் தளத்தில் போய் இறங்கியது. சீனாவோடு பதற்றம் முற்றிய 2020-இல், முறைப்படி படையில் சேர்வதற்கு முன்பே, இரண்டை லேவுக்கு அனுப்பினார்கள். 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில்தான் முறையாகச் சேர்த்து பிரசண்ட் என்று பெயர் வைத்தார்கள்.

மதுரையிலிருந்து:

ஒரு சந்தேகம் சார். அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர் அப்பாச்சி 22 வாங்கியிருக்கிறோமே, பதான்கோட் விமானப்படைத் தளத்தில் 2019-இலேயே வந்துவிட்டதே. அப்புறம் இது எதற்கு?

பெங்களூருவிலிருந்து:

நல்ல கேள்வி தம்பி. அப்பாச்சி பத்து டன்னுக்கு மேல். கவசமும் ஏவுகணைகளும் அதிகம். சமவெளியில் டாங்கிப் படையை எதிர்க்க அதற்கு இணை குறைவு. பனிமலை உச்சியில் பதுங்குகுழியை அடிக்க எடை குறைந்த வண்டி வேண்டும், அந்த வேலைக்கே பிரசண்டைச் செய்தார்கள். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் சேர்ந்தபோது இதில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை கிடையாது. தாக்குதல் ஹெலிகாப்டருக்கு அது பெரிய ஓட்டை, எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

2025 மார்ச்சில் 156 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 62,700 கோடி ரூபாய். ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66. பெங்களூருவிலும் துமகூருவிலும் கட்டுவார்கள். துமகூரு பக்கம் இருக்கிற உறுப்பினர்கள் யாராவது சோதனைப் பறப்பைப் பார்த்தால் இங்கே எழுதுங்கள்.