ஹலேயகலா தேசியப் பூங்கா: முதியவர்களுடன் விடியலுக்குப் போகலாமா?

கேள்வி:
அடுத்த மாதம் என் பெற்றோருடன் ஹவாயின் மாவி தீவுக்குச் செல்லவிருக்கிறேன். இருவரும் 65 வயதைக் கடந்தவர்கள். ஹலேயகலா எரிமலையின் உச்சியிலிருந்து சூரிய உதயத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் நள்ளிரவில் எழுந்து மலையேறும் சிரமத்துக்கு அது தகுதியானதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. உறங்கும் எரிமலை என்கிறார்களே, அச்சப்பட ஏதும் உண்டா?

மறுமொழி 1:
எரிமலையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது கடைசியாகக் குமுறியது 1480க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தில் என்று நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள். இன்றும் அதைக் கண்காணித்து வருகிறார்கள். நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது உயரத்தையும் குளிரையும்தான். கடற்கரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கார் உங்களை 3,055 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுவதால், உடல் பழகிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. விடியலில் உச்சி உறைநிலையை ஒட்டிக் குளிரும். கடற்கரைக்கென்று எடுத்துச் சென்ற மெல்லிய உடைகளோடு அங்கே நின்று நடுங்குபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அதிகாலை 3 முதல் 7 மணிக்குள் உச்சிப் பகுதிக்குள் நுழையும் வாகனத்துக்கு முன்பதிவு கட்டாயம். அது 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். பூங்காவுக்குள் பெட்ரோலோ உணவோ கிடைக்காது.

மறுமொழி 2:
என்னைக் கேட்டால் மாலையில் போங்கள். அஸ்தமனத்துக்கு முன்பதிவு தேவையில்லை, தூக்கமும் கெடாது, மேகங்கள் காலுக்குக் கீழே சிவப்பதும் விடியலுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பகல் வெளிச்சத்தில் ஏறினால்தான் வெள்ளிவாள் செடியைக் கவனித்துப் பார்க்க முடியும். பல பத்தாண்டுகள் வெறும் வெள்ளி இலைக் கொத்தாகவே இருந்து, ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்குப் பூத்தண்டு விட்டுப் பின் மடிந்துபோகும் செடி அது. அதன் வேர்கள் மேலோட்டமானவை என்பதால் பக்கத்தில் மிதித்தாலே நசுங்கிவிடும். பாதையை விட்டு விலகாதீர்கள்.

மறுமொழி 3:
ஒரு சிறு திருத்தம். எல்லோரும் 'எரிமலை வாய்' என்று அழைக்கும் அந்தப் பெரும்பள்ளம் உண்மையில் வெடிப்பால் உண்டானதன்று. எதிரெதிர்ச் சரிவுகளில் மழைநீர் அரித்த இரு பள்ளத்தாக்குகள் உச்சியருகே ஒன்று கலந்து, பிற்கால எரிமலைக் குழம்பும் சாம்பல் கூம்புகளும் அதன் தரையை நிரப்பின. அதற்குள் இறங்கும் மணற்பாதையில் பெற்றோரைச் சிறிது தூரத்துக்கு மேல் அழைத்துச் செல்லாதீர்கள். இறங்கிய நேரத்தைப் போல் இரு மடங்கு ஏறுவதற்கு ஆகும். கீபாஹுலு கடற்கரைப் பகுதியும் இதே பூங்காவைச் சேர்ந்ததுதான். ஆனால் உச்சியிலிருந்து அங்கே நேராகப் போகச் சாலை கிடையாது, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அஸ்தமனம் என்றதும் அம்மா முதலில் முகம் சுளித்தார். குளிரைப் பற்றிப் படித்துக் காட்டியபின், கம்பளி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.